கசகசா ரொட்டியும் பக்கத்து வீட்டுச் சங்கமும்

வெளிநாட்டுக்குப் போய்ச் சங்கம் வைக்காத இனம் ஏதாவது உண்டா என்று எனக்கு நீண்ட நாள் சந்தேகம். ஷார்ஜாவில் உட்கார்ந்து பார்த்தால் இல்லை என்றே தோன்றுகிறது. எங்கள் தமிழ்ச் சங்கத்தில் நான் நிகழ்ச்சிக் குழுவில் இருக்கிறேன். பெயர்தான் பெரிது. உண்மையில், மைக்கை வாங்கியவரிடமிருந்து அதைத் திரும்ப வாங்குவதுதான் என் வேலை. ஏதோ ஒரு கம்பெனியில் மேனேஜராக இருக்கும் தமிழர் ஒருவரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதில் உள்ள கஷ்டம் தெரியும்.

உக்ரேனியர்களின் சங்கம் எனக்கு அறிமுகமானதும் இந்த மைக்கால்தான். ஒரு பள்ளிக்கூட அரங்கை மாலை வரை எங்களுக்கும், அதற்குப் பிறகு அவர்களுக்கும் விட்டிருந்தார்கள். எங்கள் அழைப்பிதழில் போட்டிருக்கும் நேரத்துக்கு நாங்கள் யாரும் வருவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு யார் சொல்வது? வெளியே வராந்தாவில், மார்பிலும் கையிலும் சிவப்பு நூலால் பூவேலை செய்த வெள்ளைச் சட்டை போட்ட பெண்களும் பிள்ளைகளும் காத்து நின்றார்கள். உள்ளே எங்கள் தலைவர் "இறுதியாக ஒன்று" என்று சொல்லிவிட்டு வேறொன்றை ஆரம்பித்துக்கொண்டிருந்தார். நான் மேடையேறி, எல்லோரையும் கைதட்டச் சொல்லி, அந்தச் சத்தத்தில் மைக்கை வாங்கி அணைத்துவிட்டேன். வாசலில் நின்ற ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். அவள்தான் அவர்கள் சங்கத்தின் செயலாளர்.

"எங்க சங்கத்துக்கும் ஒரு நாள் வாங்கக்கா. எங்ககிட்டயும் இப்படி ஒரு ஆளு இருக்காரு" என்றாள்.

அவள் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் எனக்குள் எந்தப் பாஷை நுழைந்தாலும் திருநெல்வேலித் தமிழாக மாறித்தான் தங்கும். அதனால் அவளை என் ஊர்க்காரியாகவே பேச வைக்கிறேன். அவளுக்குத் தெரிந்தால் சிரிப்பாள்.

விசாரித்தால், எங்கள் கட்டடத்திலேயே எனக்கு மேல் மாடி. லிப்ட்டில் எத்தனையோ தடவை ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டியிருக்கிறோம். என் கணவருக்கு புஜைராவில் எண்ணெய்க் கிடங்கில் வேலை, வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவார். அவள் கணவரும் கப்பல் இன்ஜினியர், அதே புஜைரா துறைமுகம். இரண்டு பேர் வீட்டிலும் வாரம் முழுக்க அதிகாரம் எங்களுடையது. சிநேகம் பிடிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவர்கள் சங்கக் கூட்டத்துக்கு ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். பாஷை புரியவில்லை, மற்றதெல்லாம் புரிந்தது. வீட்டில் பிள்ளைகள் தாய்மொழியில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கின்றன என்று ஒரு தாய் கண்ணைக் கசக்கினாள். சனிக்கிழமை மொழி வகுப்புக்கு வாத்தியார் கிடைக்கவில்லை. குழு நடனத்தில் யார் பிள்ளை முன்வரிசை என்பதில் இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை. அவள் குனிந்து எனக்கு மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, "தெரியும், தெரியும்" என்று நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பெரிய சண்டை கிறிஸ்துமஸ் எப்போது என்பதில். ஊரில் டிசம்பருக்கு மாற்றிவிட்டார்கள், நாமும் டிசம்பரில்தான் கொண்டாட வேண்டும் என்று ஒரு கட்சி. அப்பா, தாத்தா எல்லாம் ஜனவரியில்தான் கொண்டாடினார்கள், எங்களால் மாற முடியாது என்று இன்னொரு கட்சி. எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. "எங்களுக்கும் புத்தாண்டு தையா சித்திரையான்னு இதே சண்டைதான்" என்றேன். எல்லோரும் ஆவலாகத் திரும்பிப் பார்த்தார்கள். எப்படித் தீர்த்தீர்கள் என்று அவள் மூலமாகக் கேட்டார்கள். "தீக்கல. ரெண்டுக்கும் சாப்பாடு போட்டுட்டோம்" என்றேன். அதை அவர்கள் குறித்துக்கொண்டார்கள். கடைசியில் டிசம்பர் என்று முடிவானது. ஜனவரிக் கட்சி வெறும் பார்வையாளராக மட்டும் வரும் என்று அறிவித்தது.

அந்தக் கூட்டத்தில் எனக்கு வித்தியாசமாகப் பட்டது ஒன்றே ஒன்று. ஆண்கள் மிகக் குறைவு. எங்கள் சங்கத்தில் ஆண்களைக் கட்டுப்படுத்துவதே பெரும் பாடு என்பதால், நான் பாட்டுக்கு "கொடுத்து வச்சவங்க நீங்க" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். அவள் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. அவர்கள் ஊரில் போர் நடக்கிறது, ஆண்கள் நாட்டை விட்டு வெளியே வர முடியாது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவுதான் அவர்களுக்குப் பெரிய விருந்து. பன்னிரண்டு பதார்த்தம், ஒன்றில்கூடக் கறி கிடையாது, முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் வாயில் வைக்க வேண்டும். கேட்டதும் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மேசை விரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்ப வேண்டுமாம். அதற்காக நானும் அவளும் ஆடு விற்கும் சந்தைக்குப் போனோம். கடைக்காரர் பாகிஸ்தான்காரர். எனக்குத் தெரிந்த இந்தியில் ஒரு சின்னக் கட்டு போதும் என்றேன்.

"கித்னா பக்ரா ஹை?" என்றார். எத்தனை ஆடு?

"பக்ரா நஹி, பாய். டேபிளுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். பூவேலைச் சட்டையில் நின்ற அவளைப் பார்த்தார். பிறகு, மேசைக்கு எதற்கும்மா தீனி என்று கேட்காமல், பெரிய மனதோடு கட்டிக் கொடுத்தார்.

அந்த விருந்தில் முதல் பதார்த்தம் குத்யா. உடைக்காத கோதுமையை வேகவைத்து, தேனும் கொட்டையும் சேர்த்து, கசகசாவை அரைத்து விடுவார்கள். எல்லோரும் முதலில் அதில் ஒரு கரண்டி சாப்பிட்ட பிறகுதான் மற்றவை. ஒரு கிண்ணம் நிறைய எடுத்து, கரண்டியோடு, வீட்டில் இறந்துபோனவர்களுக்கென்று தனியாக வைப்பார்கள். அந்த வருஷம் அவளுக்கு அந்தக் கிண்ணம் முக்கியமாக இருந்தது. முந்தின குளிர்காலத்தில் ஊரில் அவள் அப்பா இறந்துபோனார், மாரடைப்பு. கைக்குழந்தையோடு இருந்த அவளால் போக முடியவில்லை. இந்த முறை அம்மாவை இங்கே வரவழைத்து, இரண்டு பேருமாக அப்பாவுக்குக் கிண்ணம் வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. "அம்மா கையால செஞ்சு, நான் வைக்கணும்க்கா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இதில் ஒரு சிக்கல். வளைகுடாவுக்கு வரும் எந்தத் தமிழனுக்கும் பாஸ்போர்ட்டை மறந்துவிடாதே என்பதற்கு அடுத்தபடியாகச் சொல்லி அனுப்புவது, கசகசாவைக் கொண்டுபோய்விடாதே என்பதுதான். ஊரில் அது குருமாவுக்குப் போடுகிற சாமான். இங்கே போதைப் பொருள். பையில் அகப்பட்டால் ஜெயில். நாங்களெல்லாம் முந்திரியும் வெள்ளரி விதையும் அரைத்துவிட்டு, அதையே குருமா என்று சொல்லி நம்பிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு அந்த பயம் கொஞ்சம் கூடுதல். அதற்குக் காரணம் என் அம்மா. ஒரு தடவை அம்மா இங்கே வந்தபோது, கசகசா கொண்டு வரவே கூடாது என்று போனில் கரடியாகக் கத்தியிருந்தேன். கொண்டு வரவில்லை என்று சாமி மேல் ஆணை வைத்தாள். வந்து நன்றாகத் தங்கி, ஒரு நாள் மத்தியானம் குழம்பை ஊற்றிக்கொண்டே, "மணம் எப்படி இருக்கு? பொடியில கசகசா கொஞ்சம் தூக்கலா வறுத்துப் போட்டேன்லா" என்றாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"கசகசா இல்லன்னு சத்தியம் பண்ணினியே!"

"கசகசா எங்கட்டி கொண்டாந்தேன்? பொடிதான கொண்டாந்தேன்."

அன்றைக்கு அந்தப் பொடி முழுவதையும் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன். அம்மா கதவுக்கு வெளியே நின்று, அரைத்த கூலியும் போச்சே என்று புலம்பினாள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். விருந்துக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் மேல்மாடிக்குப் போனேன். அவள் விருந்துக்குப் போட வேண்டிய பூவேலைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போரால் ஊரில் விமானம் கிடையாது என்பதால் அவள் அம்மா ரயிலில் எல்லை தாண்டி, போலந்துக்குப் போய், வார்சா விமான நிலையத்தில் துபாய் விமானத்துக்குக் காத்திருந்தார்.

"கசகசா பத்திச் சொல்லிட்டியா?" என்றேன்.

"சங்கத்துல எல்லாருக்கும் சொல்றவளே நான்தானக்கா. எங்கம்மாகிட்ட சொல்லாம இருப்பனா? ஒரு விதைகூட இல்லன்னு சத்தியம் பண்ணிட்டாங்க."

சத்தியம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு என் அம்மாவின் பொடி ஞாபகத்துக்கு வந்தது.

"வேற என்ன கொண்டு வாராங்க?"

"காஞ்ச காளான், தேன், பேரனுக்குக் கம்பளிச் சட்டை. அப்புறம் கிளம்புறதுக்கு முந்தி அவங்களே சுட்ட ரெண்டு சுருள் ரொட்டி."

"ரொட்டிக்குள்ள என்னம்மா வச்சுச் சுருட்டுவாங்க?"

அவள் கை சட்டை மேலேயே நின்றுவிட்டது. வாய் மட்டும் திறந்தது. தீய்ந்த வாடை அடித்தது. இஸ்திரிப் பெட்டியை நான்தான் எடுத்து நிமிர்த்தி வைத்தேன். பூவேலையில் ஒரு பூ பொசுங்கிப் போயிருந்தது.

வீடியோ காலில் அந்த அம்மா வந்தார். தலையில் துணி கட்டிய, கன்னம் சிவந்த, கோபம் வந்தால் தாங்க முடியாது என்று பார்த்ததுமே தெரிகிற முகம். இரண்டு பேரும் அவர்கள் பாஷையில் கத்திக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது, "நான் எங்கே கசகசா கொண்டு வருகிறேன்? ரொட்டிதானே கொண்டு வருகிறேன்" என்பதுதான். என் அம்மாவுக்கு இப்படி ஒரு உடன்பிறப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நல்ல வேளை, செருப்போடு சேர்த்து ரொட்டியைப் பெட்டியில் வைக்க மனம் வராமல் கைப்பையில் வைத்திருந்தார். குப்பையில் போட்டால் முடிந்தது. ஆனால் ரொட்டியைக் குப்பையில் போடுவதா? அதுவும் புருஷனுக்கென்று சுட்டதையா? முடியவே முடியாது, வேண்டுமானால் நான் திரும்பி ஊருக்கே போகிறேன் என்று அந்த அம்மா கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்பாவுக்கும் போகவில்லை, இப்போது அம்மாவையும் திருப்பி அனுப்பப் போகிறேனா என்று அவள் அழுததைப் பார்த்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"கீழ போட வேண்டாம்னு சொல்லு. அங்க இருக்கவங்களுக்குக் கொடுத்துரச் சொல்லு" என்றேன்.

அந்த அம்மா யோசித்தார். கொடுப்பது என்றால் சரிதான் என்பதுபோல முகம் கொஞ்சம் இளகியது. உடனே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் ரொட்டியை நீட்டினார்.

"ஐயோ, அந்தாளு வேண்டாம்! அவரும் துபாய்க்குத்தான் வாராரு! துணியில உதுந்துட்டு வந்து அவரு மாட்டிக்கிடுவாரு! வேற கேட்டுக்குப் போகச் சொல்லு!"

போனைக் கையில் பிடித்தபடியே அந்த அம்மா ஓடினார். எங்களுக்குக் கூரை தெரிந்தது, தரை தெரிந்தது, யாரோ ஒருவரின் பெட்டிச் சக்கரம் தெரிந்தது. பிறகு எங்கோ குளிர் தேசத்துக்குப் போகிற விமானத்துக்குக் காத்திருந்த கூட்டம். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார். முதலில் தயங்கினார்கள். ஒரு சிறுமி வாங்கித் தின்றாள். ஒரு வழுக்கைத் தலைக்காரர் வாங்கினார், தின்றார், இன்னொன்று கேட்டார். கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லி அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டார். இரண்டு சுருளும் காலி.

நான் விடவில்லை. "பையைக் கவுத்துத் தட்டச் சொல்லு. தையல்ல இருக்கும், பாக்கச் சொல்லு. தலையில கட்டியிருக்கிற துணியை உதறச் சொல்லு. நகத்துல பாக்கச் சொல்லு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லு." நான் சொல்லச் சொல்ல அவள் மொழிபெயர்த்தாள். அந்த அம்மா எல்லாவற்றையும் செய்துவிட்டு, போனை முகத்துக்கு நேராகப் பிடித்து ஏதோ கேட்டார்.

"என்ன கேக்காங்க?"

"பின்னாடி நின்னு கத்திக்கிட்டு இருக்கிற பொம்பள யாருன்னு கேக்காங்க."

அன்று இரவு அந்த அம்மா ஒரு தடங்கலும் இல்லாமல் வெளியே வந்தார். மகளைக் கட்டிக்கொண்டு அழுதார், பேரனை முத்தமிட்டார். பிறகு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அவள் அதை மொழிபெயர்க்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் முழுக்க அந்த அம்மா சமைத்தார். பீட்ரூட் சூப், முட்டைக்கோஸ் சுருள், உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை என்று பதினோரு பதார்த்தத்துக்கும் ஏற்பாடு நடந்தது. பன்னிரண்டாவதைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். கசகசா இல்லாத குத்யா கோழித் தீவனமாம். சங்கத்தில் மற்றவர்கள் இத்தனை வருஷமாக பாதாமை அரைத்துவிட்டுச் சமாளிக்கிறார்களே என்று மகள் கெஞ்சினாள். அவர்கள் கோழிகள் என்றார் அந்த அம்மா.

அவள் கீழே வந்து என் சமையலறையில் உட்கார்ந்தாள். "விருந்து நடக்கும்க்கா. எல்லாரும் சாப்பிடுவாங்க. அப்பாவுக்குத்தான் கிண்ணம் இல்ல" என்றாள். எனக்கு அந்த அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது.

அலமாரியில் கறுப்பு எள் இருந்தது. அவர்கள் ஊர்க் கசகசா கறுப்பு; எள் அதைவிடக் கொஞ்சம் பெரிது, ஆனால் கிட்டத்தட்ட அதே நிறம், வறுத்தால் நல்ல மணம். எடுத்தேன், ஆனால் கொடுக்கத் தயக்கம். எங்கள் வீட்டில் கறுப்பு எள் என்றால் ஞாபகம் வருவது அமாவாசைதான். நல்ல நாளில், விருந்துக்கென்று, அடுத்தவர் வீட்டுக்கு எள்ளை எப்படிக் கொண்டுபோவது? இருந்தாலும் டப்பாவையும், சின்னக் கல்லுரலையும் தூக்கிக்கொண்டு அவளோடு மேலே போனேன்.

அந்த அம்மா டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிரு" என்றேன் அவளிடம். "எங்க ஊர்ல இதை நல்ல நாளுக்குக் கொடுக்க மாட்டோம். செத்துப் போனவங்களுக்குத் தண்ணியோட சேத்து விடுறது. எங்கப்பாவுக்கு என் தம்பி விடுறான். உங்கம்மாவுக்கு ஒரு மாதிரி இருந்துச்சுன்னா வேண்டாம், எடுத்துட்டுப் போயிருதேன்."

அவள் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றார். பிறகு திரும்பினார். முதல் தடவையாக என்னைச் சாதாரணமாகப் பார்த்தார்.

"விடும்போது என்ன சொல்லுவீங்கன்னு கேக்காங்க."

"பேரைச் சொல்லித்தான் விடுவோம்."

அந்த அம்மா கையை நீட்டி டப்பாவை வாங்கினார். வறுத்தார். ஆறவிட்டார். நான் கல்லுரலில் போட்டு இடிக்க ஆரம்பித்ததும், ஐயோ என்பதுபோல ஒரு சத்தம் போட்டு குழவியைப் பிடுங்கிக்கொண்டார். இடிக்கக் கூடாது, சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டுமாம். எனக்கே எள் அரைக்கச் சொல்லித் தருகிறாரே என்று எரிச்சல் வந்தாலும், அரைத்து வந்த விழுதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் விருந்து எங்கள் கட்டடத்து மொட்டைமாடி ஹாலில். எங்கள் சங்கத்துக்காக மாதத்துக்கொரு தடவை நான் பேசி வாங்கும் அதே இடம். வைக்கோல் பரப்பி, விரிப்புப் போட்டு, எல்லாம் தயார். முதல் நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். ஷார்ஜா வானத்தில் நட்சத்திரத்தை எங்கே தேடுவது? ஒரு பையன் "அதோ!" என்று கத்தினான், எல்லோரும் கைதட்டினோம், அது திரும்பி ஓடுபாதையில் இறங்கியது. அடுத்ததும் அப்படியே. பசி பொறுக்காத ஜனவரிக் கட்சிக்காரர் ஒருவர், மூன்றாவதாகக் காட்டியது எதுவாக இருந்தாலும் அதுதான் நட்சத்திரம் என்று தீர்ப்புச் சொன்னார். பார்வையாளராக வந்த அந்தக் கட்சிதான் முதலில் நாற்காலி பிடித்தது.

மேசையின் ஓரத்தில், இறந்துபோனவர்களுக்கென்று, ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார்கள். பலருக்கும் அங்கே யாரோ ஒருவர் இருந்தார் போலிருக்கிறது. அந்தப் பக்கம் பார்க்காமலேயே எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவளும், பொசுங்கிய பூவை ஒரு ஊசியால் மறைத்துக் குத்திக்கொண்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னையும் இழுத்து உட்கார வைத்தார்கள்.

அந்த அம்மா குத்யாவை முதலில் தான் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். என் வீட்டுப் பலகாரத்தை மாமியார் சாப்பிடுகிற மாதிரி நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் மகளிடம் எதையோ சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"என்னம்மா, நல்லா இல்லயாமா?"

"அப்பாவுக்கு இது சுத்தமாப் பிடிக்காதாம்க்கா. வாயில வச்சதும் கரண்டியைத் தூக்கிப் போட்டுட்டு, இது என்ன கண்றாவின்னு ஏசுவாராம்."

என் முகம் விழுந்ததை அந்த அம்மா கவனித்திருக்க வேண்டும். என் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்தார். கிண்ணத்தை எடுத்து மகள் கையில் கொடுத்தார். அவள் ஒரு கரண்டி போட்டாள். போதாது என்று தலையாட்டினார். இன்னொரு கரண்டி, இன்னொன்று. கிண்ணம் குவிந்து, தேன் ஓரத்தில் வழிந்தது. அவள் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்க் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்து, பக்கத்தில் கரண்டியை வைத்தாள். அந்த அம்மா அவர் பெயரைச் சொன்னார். கூடவே இன்னும் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுதாங்க?" என்றேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நெறைய வைக்கணுமாம்க்கா. வந்து நல்லா ஏசட்டும்ங்காங்க."